திரும்பிப் போக முடியாதவர்கள்: நாடிழந்த வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குச் சட்டம் பதில் சொல்லும். பலவற்றுக்கு, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தியா?

இல்லை. வேலைக்கோ படிப்புக்கோ போனவருக்கும் ஊர் நினைப்பு வரும், சில இரவுகளில் தூக்கம் கெடும். ஆனால் டிக்கெட்டுக்குப் பணமும் பத்து நாள் லீவும் கிடைத்தால் அவர் கிளம்பிவிடலாம். கிளம்பாமல் இருப்பதும் அவர் இஷ்டம். நாடிழந்தவருக்கு அந்த இஷ்டம் இல்லை. அவர் திரும்பலாமா கூடாதா என்பதை ஓர் அரசோ, ராணுவமோ, ஆயுதக் குழுவோ, சில சமயம் அவர் நிலத்தில் இப்போது குடியிருப்பவர்களோ முடிவு செய்கிறார்கள்.

தூரத்தை வைத்து இதை அளக்க முடியாது. எல்லையோர முகாமில் இருந்துகொண்டு, அந்தப் பக்கம் தெரியும் தன் ஊர் மலையைத் தினமும் பார்ப்பவரும் நாடிழந்தவர்தான். கண்டம் விட்டுக் கண்டம் போய்க் குடியேறி, வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர் அப்படி இல்லை. திரும்பும் முடிவு யார் கையில் இருக்கிறது? கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இடத்துக்கே வந்து சேரும்.

அகதி, நாடுகடத்தப்பட்டவர், நாடற்றவர் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகச் சொல்கிறோம், சட்டத்தில் வேறு வேறு. அரசே ஆணை போட்டு வெளியே அனுப்பினால் அவர் நாடுகடத்தப்பட்டவர். இனம், மதம், தேசியம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. இது 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை சொல்லும் வரையறை. அவருடைய புகலிடக் கோரிக்கையை இன்னொரு நாடு விசாரித்து முடிக்கும்வரை அவர் புகலிடம் கேட்டு நிற்பவர் மட்டுமே. அது வருடக்கணக்கில் இழுக்கலாம். எந்த நாடுமே தன் குடிமகன் என்று ஏற்காதவர் நாடற்றவர். ஒரே மனிதர் தன் வாழ்நாளில் இந்த நான்காகவும் இருந்திருக்கக்கூடும்.

ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி 2024 இறுதியில் பலவந்தமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் சுமார் 12.32 கோடிப் பேர். அவர்களில் சுமார் 4.27 கோடிப் பேர் அகதிகள். மிச்சப் பேரில் பெரும்பகுதியினர், 7.35 கோடிப் பேர், தங்கள் நாட்டு எல்லையைத் தாண்டவே இல்லை. அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

தானாகக் கிளம்பிப் போனவரை எப்படி இந்தக் கணக்கில் சேர்ப்பது?

தாளில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் அரசை எதிர்த்தவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. வெளிநாட்டில் படிப்போ வேலையோ கிடைத்தால் அவர்களுக்கு இருந்த ஒரே வழி 'வெளியேறும் அனுமதி'. அதில் கையெழுத்துப் போட்டால் போகலாம். திரும்பி வர முடியாது, குடியுரிமையும் போய்விடும். கையெழுத்து அவருடையதுதான். அந்த மேசைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பது தாளில் இருக்காது.

பாரதியாரை யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. 1908-ல் சென்னையில் அவருடைய பத்திரிகை மீது அரசின் பிடி இறுகியது, சட்டப்படி பத்திரிகைக்குப் பொறுப்பாளராகப் பதிவாகியிருந்தவர் கைதானார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கேயே இருந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டி வந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, சில வாரங்களில் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். ஓர் எல்லைக்கோடு தாண்டினால் தமிழ்நாடுதான், அவருடைய மொழிதான், அவருடைய மக்கள்தான். ஆனாலும் அந்தப் பத்து வருடத்தை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

'மன்னித்துவிட்டோம், வா' என்று அரசு கூப்பிட்டும் சிலர் போகவில்லையே?

கூப்பிடும்போது என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இத்தாலியக் கவிஞர் தாந்தே 1302-ல் தன் ஊரான ஃபுளோரன்ஸிலிருந்து விலக்கப்பட்டார். அகப்பட்டால் உயிரோடு எரிக்கலாம் என்பது தண்டனை. 1315-ல் திரும்ப வாய்ப்பு வந்தது. அபராதம் கட்ட வேண்டும், ஊரறியப் பிராயச்சித்தம் செய்து தான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டது போல நடக்க வேண்டும். அவர் மறுத்துவிட்டார். 1321-ல் ராவென்னாவில் இறந்தார்.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோ 1851-ல் லூயி நெப்போலியன் அதிகாரத்தைப் பிடித்தபோது பிரான்ஸை விட்டு ஓடினார். 1859-ல் பொதுமன்னிப்பு வந்தது. சுதந்திரம் திரும்பும்போது நானும் திரும்புகிறேன் என்று சொல்லி, ஆங்கிலக் கால்வாயில் உள்ள குவெர்ன்சித் தீவிலேயே இருந்தார். பேரரசராகியிருந்த லூயி நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1870 செப்டம்பரில்தான் பாரிஸுக்கு வந்தார்.

வீம்பு என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டால் வீட்டுக்கு வரலாம் என்ற அழைப்பில், முடிவு இன்னும் அழைத்தவர் கையில்தான் இருக்கிறது. அதே சமயம், நிபந்தனையை ஏற்று ஊர் திரும்பியவரைக் கோழை என்று சொல்லவும் நமக்கு எந்த உரிமையும் இல்லை. வயதான பெற்றோர், சின்னக் குழந்தைகள், தீர்ந்துபோன பணம் இவற்றோடு இருப்பவரின் கணக்கு வேறு.

கொல்லாமல், சிறையில் போடாமல், ஏன் வெளியே அனுப்புகிறார்கள்?

கொன்றால் அவர் தியாகி. சிறையில் வைத்தால் வாசலில் கூட்டம் கூடும். வெளியே அனுப்பினால் அவர் பேச்சைக் கேட்டவர்களும் அவரும் பிரிந்துவிடுகிறார்கள். பழைய ஏதென்ஸில் இதை வாக்கெடுப்பாகவே நடத்தினார்கள்: உடைந்த பானை ஓட்டில் பெயர் கீறிப் போடுவார்கள், ஆறாயிரம் ஓடுகள் சேர்ந்தால் அதிக ஓடு வாங்கியவர் பத்து வருடம் ஊருக்கு வெளியே. ஆனால் சொத்து அவருடையதாகவே இருக்கும், காலம் முடிந்தால் வந்துவிடலாம். இன்றைய அரசுகள் அந்த இரண்டையும் தருவதில்லை.

பிரிட்டிஷார் இதை ஒரு நிர்வாக முறையாகவே வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-ல் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தான். கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபரை 1858-ல் பர்மாவின் ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1885-ல் பர்மாவின் கடைசி அரசர் தீபாவைப் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து ரத்னகிரியில் வைத்தார்கள். 1916-ல் அங்கே இறந்தார். இந்தியாவின் அரசர் பர்மாவில் புதைந்தார், பர்மாவின் அரசர் இந்தியாவில்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2023 பிப்ரவரியில் நிகரகுவா அரசு 222 அரசியல் கைதிகளைச் சிறையிலிருந்து எடுத்து அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றிவிட்டது, குடியுரிமையையும் பறித்தது. ஆயர் ரொலாண்டோ ஆல்வரெஸ் விமானம் ஏற மறுத்தார். அவருக்கு 26 வருடச் சிறை விதித்தார்கள். 2024 ஜனவரியில் அவரையும் வத்திக்கானுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எந்தக் குற்றமும் சாட்டப்படாமல், நிலம் தேவைப்படுகிறது என்பதற்காக மட்டும் வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் தியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968-க்கும் 1973-க்கும் இடையில் சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்கள் முழுவதையும் பிரிட்டன் அப்புறப்படுத்தியது. அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றது. மொரீஷியஸிலும் செய்ஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டவர்களில் பலர் வறுமையில் மாண்டார்கள்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா?

எழுத்தில் இல்லை. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 9-ஆம் பிரிவு, யாரையும் தன்னிச்சையாக நாடுகடத்தக் கூடாது என்கிறது. 13-ஆம் பிரிவு, எவருக்கும் தன் நாட்டை விட்டுப் போகவும் திரும்பி வரவும் உரிமை உண்டு என்கிறது. 1951 உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு, ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பத் தடை விதிக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால் இந்தியாவில் தஞ்சம் அடைந்தவரின் நிலைமை அவ்வப்போதைய அரசு ஆணைகளைப் பொறுத்தே இருக்கிறது.

நடைமுறையில் பெரிய ஓட்டை குடியுரிமைப் பறிப்புதான். குடிமகனை நாட்டுக்குள் விட மறுக்க முடியாது என்றால், முதலில் அவரைக் குடிமகன் இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். 1921-ல் சோவியத் அரசு வெளியே இருந்த லட்சக்கணக்கான ரஷ்யர்களுக்கு அப்படிச் செய்தது. எந்தத் தாளும் இல்லாமல் தவித்தவர்களுக்காக சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த நார்வேயின் நான்சென் 1922-ல் ஒரு பயண ஆவணத்தை ஏற்பாடு செய்தார். 'நான்சென் பாஸ்போர்ட்' என்று பெயர் பெற்ற அதுதான் இன்றைய அகதிப் பயண ஆவணத்தின் முன்னோடி.

நிலைமைதான் கொஞ்சம் சரியாகிவிட்டதே, ஒரு தடவை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரக்கூடாதா?

இந்தக் கேள்வியை அவர்களே தங்களை எத்தனையோ இரவுகள் கேட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஓர் அகதியின் பயண ஆவணத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பாஸ்போர்ட் மாதிரியேதான் இருக்கும்: புகைப்படம், எண், விசா குத்தப் பக்கங்கள். எங்கே எல்லாம் செல்லும் என்ற இடத்தில் மட்டும் பல ஆவணங்களில் ஒரு வரி வரும்: எல்லா நாடுகளுக்கும், இன்ன நாட்டைத் தவிர. அந்த 'இன்ன நாடு' அவர் பிறந்த நாடு. அவர் உண்மையில் போக ஏங்கும் ஒரே இடத்தைக் கழித்துவிட்டு உலகம் முழுவதையும் கொடுக்கும் தாள் அது. இதை மீறி, தன் நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போய் வந்தால், 'அந்த நாட்டின் பாதுகாப்பை நீயே மறுபடி ஏற்றுக்கொண்டாய்' என்று சொல்லி அகதி நிலையை ரத்து செய்ய உடன்படிக்கையிலேயே இடம் இருக்கிறது. அங்கே போனால் கைது பயம், போய்விட்டு வந்தால் இங்கே இருப்பதும் போகும் பயம்.

பாடகி மிரியம் மகேபா 1960-ல் தாயின் இறுதிச் சடங்குக்காகத் தென்னாப்பிரிக்கா திரும்ப முயன்றபோதுதான் தன் பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். முப்பது வருடம் கழித்து 1990-ல்தான் ஊர் திரும்பினார். கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி 1972-ல் சோவியத் யூனியனை விட்டு வெளியேற்றப்பட்டார். மகனை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறோம் என்று பெற்றோர் திரும்பத் திரும்ப அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. தாய் 1983-லும் தந்தை 1984-லும் இறந்தார்கள்.

இப்போது வீடியோ அழைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே யாரோ ஓர் உறவுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் அழுவதால் படம் ஆடும். யாராவது குறுக்கே வருவார்கள், சிக்னல் போகும், மறுபடி கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்புறம் அழைப்பைத் துண்டித்துவிட்டு நிமிர்ந்தால், இறந்தவரை ஒருநாள்கூடப் பார்த்திராத மனிதர்கள் நிறைந்த ஓர் ஊர். அம்மா இப்படிச் சிரிப்பாள், இப்படித் திட்டுவாள் என்று சொன்னால் 'ஆமாம்' என்று தலையாட்ட அங்கே ஒருவரும் இல்லை. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டார்களே, இன்னும் ஏன் வருத்தம்?

உயிர் தப்பியது நிம்மதிதான், அதை அவர்கள் மறுப்பதில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து தன்னைப் பற்றிய ஒவ்வொன்றையும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முதல் நிரூபணம் புகலிட விசாரணை. வாழ்க்கையின் மிக மோசமான நாளை, தேதி மாறாமல், வரிசை மாறாமல், முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்ல வேண்டும். சித்திரவதைப்பட்ட மனம் நினைவுகளை அப்படி அடுக்கி வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாசனை தெளிவாக இருக்கும், மாதம் மறந்திருக்கும். முதல் விசாரணையில் ஒன்று, இரண்டாவதில் வேறொன்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் போன அனுபவம், ஓடிவந்த பயத்தைவிட நீண்ட நாள் வலிக்கும் என்று பலர் சொல்வதுண்டு.

அதன்பிறகு பட்டம் செல்லாது, அனுபவம் செல்லாது. இருபது வருடம் மருத்துவராக இருந்தவர் மறுபடி பரீட்சை எழுதும்வரை கிடைத்த வேலையைச் செய்கிறார். இவ்வளவுக்கும் மேலே எப்போதும் நன்றியோடு சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நன்றியும் துக்கமும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்றைக் காட்டுவதற்காக இன்னொன்றை மறைக்கச் சொல்வது நியாயமில்லை.

காலம் போகப் போகப் பழகிவிடாதா?

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ராமனுக்குப் பதினான்கு வருடம். பாண்டவர்களுக்குப் பன்னிரண்டு, அப்புறம் தலைமறைவாக ஒன்று. நம் கதைகளில் வனவாசத்துக்குக் கெடு உண்டு, நாளை எண்ணலாம். நிஜத்தில் கெடு கிடையாது. அதனால்தான் பலர் வந்த நாட்டில் முழுதாகக் குடியேறாமலே வருடங்களைக் கழிக்கிறார்கள். மொழியைச் சரியாகக் கற்றுக்கொள்வதில்லை, வீடு வாங்குவதில்லை. அடுத்த வருடம் போய்விடுவோமே. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று 1939-ல் வெளியேறிய குடியரசுவாதிகள் பலர், போரில் வென்ற சர்வாதிகாரி ஃபிராங்கோ சீக்கிரம் வீழ்வார் என்றுதான் நம்பியிருந்தார்கள். அவர் 1975-ல் இறந்தார். அயலில் இயங்கிய அவர்களுடைய அரசு 1977-ல்தான் கலைக்கப்பட்டது. இளைஞராகப் போனவர் திரும்பும்போது கிழவர்.

காணாமல் போனவரின் குடும்பத்துக்கு ஒரு வேதனை உண்டு: இறந்துவிட்டார் என்று அழுது முடிக்கவும் முடியாது, வருவார் என்று நம்பி இருக்கவும் முடியாது. நாட்டை இழந்தவருக்கும் அதே நிலைமைதான். நாடு அங்கேயே இருக்கிறது, தினமும் செய்தியில் வருகிறது. எப்படித் துக்கம் காப்பது?

சொந்த நாட்டுக்குள்ளேயே நாடிழக்க முடியுமா?

முடியும், அவர்களின் எண்ணிக்கைதான் அதிகம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழே தாய்மொழியான மக்கள். புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. தமிழர்களின் இடப்பெயர்வைப் பேசும் நாம் இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் நம் பேச்சில் நேர்மை இருக்காது. அதே வருடம் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து பண்டிட்டுகள் பெருமளவில் வெளியேற நேர்ந்தது.

எல்லை தாண்டாததால் இவர்களுக்கு அகதி என்ற சட்டப் பாதுகாப்பு கிடையாது. பாதுகாக்க வேண்டிய பொறுப்பு, பல சமயம் பாதுகாக்கத் தவறிய அதே அரசிடம்தான் இருக்கிறது.

அந்த நாட்டைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் இது உண்டா?

உண்டு, வேறு மாதிரி. திபெத்தியர்கள் 1959-ல் தலாய் லாமாவைத் தொடர்ந்து இந்தியாவுக்கு வந்தார்கள். பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்து இந்தி, கன்னடம் பேசி வளர்ந்திருக்கிறார்கள். 1950-க்கும் 1987 ஜூலைக்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர்கள் சட்டப்படி இந்தியக் குடியுரிமைக்குத் தகுதியானவர்கள். ஆனாலும் பலர் எடுக்கத் தயங்கினார்கள். எடுத்துவிட்டால் திபெத் என்ற கோரிக்கையை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடுமோ என்ற பயம். 1948-ல் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அந்த வீட்டுச் சாவிகள் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன, வீடுகளில் பல இல்லை.

பிள்ளைகளின் சுமை இன்னொரு விதத்திலும் வரும். புது மொழியை அவர்கள்தான் முதலில் பிடிக்கிறார்கள். அதனால் பத்து வயதுக் குழந்தை ஆஸ்பத்திரியில் அம்மாவின் நோயை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை அம்மாவுக்கும் மாற்றிச் சொல்கிறது. எதைச் சொல்லாமல் விடலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஒருவருக்கு எது தாயகம் என்று யார் சொல்வது?

தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களின் கதை இதற்கு நேரான உதாரணம். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அவர்களையும் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வந்து இறங்கியவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பலர் இந்தியாவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறந்தது, விளையாடியது, பெற்றோரைப் புதைத்தது எல்லாம் அந்த மலையில். நீலகிரியில் இவர்களுக்காக உருவாக்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலர் மறுபடி கொழுந்து பறித்தார்கள். அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'. ஓர் அரசு 'திரும்பு' என்று சொல்வதாலேயே அது திரும்புதல் ஆகிவிடாது.

நாடிழப்பு பெரிய எழுத்தாளர்களை உருவாக்குகிறது என்கிறார்களே?

தாந்தேயின் பெருங்காவியம் வெளியேற்றப்பட்ட பிறகுதான் எழுதப்பட்டது. பாரதியின் முக்கியமான படைப்புகளில் பல புதுச்சேரியில் பிறந்தன. இதை வைத்து 'நல்லதுதான் நடந்திருக்கிறது' என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. எழுதியவர்களை மட்டும்தான் நமக்குத் தெரியும். பதிப்பாளர் இல்லாமல், வாசகர் இல்லாமல், இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டே எழுதுவதை நிறுத்திவிட்டவர்களின் பெயர் எங்கும் இருக்காது. மொழியும் சும்மா இருப்பதில்லை. ஊரில் புதுச் சொற்கள் வரும், வெளியே இருப்பவரின் பேச்சு கிளம்பிய வருடத்திலேயே நின்றிருக்கும்.

வெளியே வந்தபின் பயமில்லாமல் பேசலாமே?

பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; அதற்குக் கொடுக்கும் விலையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ் 1978-ல் லண்டனில் குண்டூசித் தலை அளவே உள்ள விஷ உருண்டை ஒன்றால் கொல்லப்பட்டார். சவுதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018-ல் திருமணத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்க இஸ்தான்புல்லில் உள்ள தன் நாட்டுத் துணைத்தூதரகத்துக்குள் போனார், வெளியே வரவில்லை.

இவ்வளவு தூரம் போகாமலே வாயை அடைக்கலாம். 2023 செப்டம்பரில் பெலாரஸ், வெளிநாட்டுத் தூதரகங்களில் பாஸ்போர்ட் புதுப்பிப்பதை நிறுத்தியது. காலாவதியானால் நேரில் ஊருக்கு வந்துதான் வாங்க வேண்டும். தப்பிப் போனவர் எப்படி வருவார்? இதைவிடச் சாதாரணமானது, ஊரில் இருக்கும் தம்பியைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு 'உங்க அண்ணன் என்னமோ எழுதுறாராமே' என்று கேட்பது. நாடிழந்தவர் ஏன் படத்துக்கு முகம் காட்ட மறுக்கிறார், ஏன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குகிறார் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திரும்பிப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

எழுத்தாளர் சொல்ஷெனிட்சின் 1974-ல் சோவியத் யூனியனிலிருந்து வெளியேற்றப்பட்டு 1994-ல் ரஷ்யா திரும்பினார். கிழக்குக் கோடியில் இறங்கி, நாடு முழுவதையும் ரயிலில் கடந்து மாஸ்கோ போனார். அவர் விட்டுப் போன நாடே அப்போது இல்லை. செக் எழுத்தாளர் மிலன் குந்தேராவிடம் 1979-ல் பறித்த குடியுரிமையை 2019-ல் கொடுத்தார்கள். அவர் பாரிஸிலேயே இருந்து 2023-ல் இறந்தார்.

திரும்புகிறவர் எதிர்கொள்வது நடைமுறைச் சிக்கல்கள்: வீட்டில் வேறு யாரோ, பத்திரம் எரிந்துபோயிருக்கும், கூடப் படித்தவர்கள் சிதறியிருப்பார்கள். அங்கேயே இருந்து எல்லாவற்றையும் அனுபவித்தவர்களிடம் 'நீ தப்பிச்சுப் போனவன்தானே' என்ற மனக்கசப்பும் இருக்கும். அதிலும் நியாயம் உண்டு. இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிலர் மறுபடி கிளம்பிவிடுகிறார்கள். அதனால் திரும்பும் உரிமையே தேவையில்லை என்று ஆகிவிடாது. போய்ப் பார்த்து, 'இனி இது எனக்குச் சரிப்படாது' என்று தானே முடிவு செய்வதற்கும், வாசலில் நிறுத்தப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. சாகோஸ் மக்களில் சுமார் நூறு பேரை 2006-ல் தீவுகளுக்குக் கப்பலில் அழைத்துப் போனார்கள். முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி கப்பல் ஏற வேண்டியிருந்தது.

பல நூற்றாண்டு கழித்துத் தண்டனையை ரத்து செய்கிறார்களே, அதில் என்ன பயன்?

ஃபுளோரன்ஸ் நகர மன்றம் 2008-ல் தாந்தேயின் தண்டனையை நீக்கியது. கி.பி. 8-ல் கருங்கடல் கரைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்த ரோமானியக் கவிஞர் ஓவிட் மீதான ஆணையை ரோம் நகர மன்றம் 2017-ல் ரத்து செய்தது. அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் செய்தது தப்பு என்று ஓர் ஊர் பதிவு செய்வது, இன்று அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு எதிரான சாட்சி. தாந்தேயின் உடல் இன்னும் ராவென்னாவில்தான் இருக்கிறது. ஃபுளோரன்ஸில் கட்டிய கல்லறை காலி. ராவென்னா கல்லறை விளக்குக்கு வருடாவருடம் எண்ணெய் கொடுப்பது ஃபுளோரன்ஸ்.

அப்படி ஒருவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தால் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

'எப்படித் தப்பி வந்தீர்கள்?' என்று முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். அதை விசாரணை அறையில் போதுமான தடவை சொல்லியிருப்பார். 'எப்போது ஊருக்குப் போவீர்கள்?' என்பதையும் தவிர்க்கலாம். பதில் அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஊரில் அவர் என்ன வேலை செய்தார், எதில் கெட்டிக்காரர், யாரோடு சண்டை போடுவார் என்று கேளுங்கள். வந்த பிறகு அவரை எல்லோரும் நடந்த துயரத்தை வைத்துத்தான் அறிந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய மனிதரை யாரும் விசாரிப்பதில்லை.

படிவம் நிரப்பவும் அலுவலகத்துக்குக் கூடப் போகவும் ஆள் இருந்தால் பெரிய உதவி. முக்கியமாகப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இழுத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. அவர் பெயரையோ படத்தையோ எங்கும் போடுவதற்கு முன் கேளுங்கள். ஊரில் ஒரு சாவு என்று தெரிந்தால், தூரத்தில்தானே என்று விட்டுவிடாமல் நேரில் போங்கள். இறந்தவரைப் பற்றி அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும்.